வாய்த்தண்ணி

சந்தியாவைக் கெடுத்தது நான்தான். வேறு யாராவது கெடுத்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு, இந்நேரம் என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். கேட்க வேண்டிய ஆள் நானே என்று ஆன பிறகு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அதனால்தான் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன்.

சுனாமி வந்து உப்பளத்துப் பாத்திகளில் சேறு ஏறிக் கிடந்த வருஷம் அது. தை, மாசி முழுக்க சேற்றை வழித்து வரப்பு கட்டுவதிலேயே போய்விட்டது. பங்குனியில் உப்பு விழ ஆரம்பித்தபோது கூடை தூக்க ஆள் போதவில்லை. மேஸ்திரி சகாதேவன் ஊர் ஊராகச் சொல்லியனுப்பினார். அப்படி வந்தவள்தான் சந்தியா. உப்பு லாரி ஓட்டும் சாலமனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. பிறந்த ஊர் குயிலாப்பாளையம். அங்கே வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள். என்னைவிட இரண்டு வயசுதான் சின்னவள். ஆனாலும் முதல் நாளே என்னை மலரக்கா என்று கூப்பிட்டாள்.

முதல் நாள் அவள் வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நாங்களெல்லாம் தலைச் சும்மாடும் தூக்குவாளியுமாக வந்து நிற்கிறோம். இவள் மட்டும் தோளில் ஒரு பாட்டிலை மாட்டிக்கொண்டு வருகிறாள். ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், பச்சை மூடி. பழைய பாவாடைத் துணியில் அதற்கு ஒரு உறை தைத்து, வார் வைத்து, துணியை நனைத்து வேறு வைத்திருந்தாள். நனைத்தால் தண்ணீர் சில்லென்று இருக்குமாம். அரை மணிக்கு ஒருமுறை வரப்பில் நின்று மூடியைத் திறந்து, தொண்டை ஏறி இறங்கக் குடித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"இன்னாடி இது, மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி" என்றேன்.

"கெஸ்ட் ஹவுஸ்ல பழகிப்போச்சுக்கா. அங்க எல்லாரும் எழுந்ததும் ஒரு பாட்டிலு குடிப்பாங்க. குடிக்கலன்னா எனக்குத் தலை வலிக்குது."

"இது கெஸ்ட் ஹவுஸு இல்ல. இங்க குடிச்சா எங்க போவ?"

அவளுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது.

எங்கள் மரக்காணம் அளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கெட்டிய வரைக்கும் பாத்தியும் வரப்பும்தான். ஒரு மரம் கிடையாது, ஒரு சுவர் கிடையாது. ஈ.சி.ஆர் ரோட்டில் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவனுக்கு எங்கள் புடவையில் என்ன பூ போட்டிருக்கிறது என்பதுகூடத் தெரியும். ஆம்பிளைகள் திரும்பி நின்றால் போதும், அவர்களுக்கு வேலை முடிந்தது. நாங்கள் ஒதுங்க வேண்டுமென்றால் கால்வாயைத் தாண்டி வேலிக்காத்தான் புதர் வரைக்கும் போக வேண்டும். போய்வர அரை மணி நேரம் ஆகும்.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு சந்தியா புதருக்குப் போனாள். நானும் அவளும்தான் ஜோடி. ஆண்கள் பலகையால் வாரி வரப்போரம் குவித்த உப்பை ஒருத்தி கூடையில் அள்ளித் தூக்கிவிட, இன்னொருத்தி தலையில் வாங்கி மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவாள். தூக்கிவிட ஆளில்லாவிட்டால் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். நான் நிறைந்த கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் அரை மணி நேரம் நின்றேன். சகாதேவன் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்து, "எங்க போச்சு உன் ஜோடி?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். அதற்குள் ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து எவனோ விசிலடித்தான். சந்தியா திரும்பி வந்தபோது அழுதுவிடுபவள் போல இருந்தாள். பத்தரைக்கு மறுபடியும் போக வேண்டும் என்றாள்.

"நீ பொம்பளையா, தண்ணி லாரியாடி?" என்றேன்.

சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குத் தண்ணி லாரி என்றே பெயராகிவிட்டது. வைத்தது நான்தான். என் வாய் சும்மா இருக்காது என்று என்னைப் பெற்றவளே சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

மறுநாள் அவள்மேல் எனக்கே பரிதாபமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார வைத்து எங்கள் வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு வாய்த்தண்ணி என்று பெயர். அளத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். கஷ்டமொன்றும் கிடையாது. தாகம் எடுத்தால் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை விழுங்கக் கூடாது.

"கன்னம் ரெண்டையும் நனைச்சுக்கோ. நாக்குக்கு மேல, நாக்குக்கு அடியில சுத்த வுடு. தொண்டைக்கு மட்டும் காட்டாத. துப்பிடு. அவ்ளோதான், தாகம் ஏமாந்துபூடும்."

அவள் முதல் தடவை முயற்சி செய்தபோது சிரிப்பு வந்து மூக்கில் ஏறி, முக்கால்வாசியை விழுங்கிவிட்டாள். இரண்டாவது தடவை என் புடவைமேலேயே துப்பினாள். மூன்று நாளில் கற்றுக்கொண்டாள். ஒரு மாசத்தில் எங்களையெல்லாம் தோற்கடித்துவிட்டாள். காலையில் ஐந்தரைக்கு வந்து, மத்தியானம் ஒரு மணிக்கு வீடு போகிற வரைக்கும் ஒருமுறைகூட ஒதுங்காமல் இருப்பது யார் என்று எங்களுக்குள் போட்டியே நடக்கும். வெற்றிலை போடும் செல்லம்மாள்தான் அதுவரைக்கும் எல்லோருக்கும் மேலே இருந்தாள். சந்தியா அவளையும் மிஞ்சியபோது நான் ஏதோ என் பெண் பரீட்சையில் பாஸான மாதிரி பூரித்துப்போனேன். பாட்டில் கொண்டுவருவதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஊறுகிறது. விடியற்காலையில் ஒரு டம்ளர் டீயோடு வந்துவிடுவோம், வேறொன்றும் வயிற்றில் இருக்காது. பத்து மணிக்கு உப்பு மேட்டின் நிழலில் பன்னிரண்டு பேரும் காலை நீட்டி உட்காருவோம். தூக்குவாளியில் பழைய சோற்றை இறுகப் பிசைந்து கொண்டுவந்திருப்போம், நீராகாரம் இருந்தால்தான் வம்பாயிற்றே. சுட்ட கருவாடு. கிளிமூக்கு மாங்காயை யாராவது கொண்டுவந்தால் கத்தி தேடுவதில்லை, வரப்புக் கல்லில் ஒரு போடு. அன்றைக்கு விழுந்த புது உப்பைப் பாத்தியிலிருந்தே கிள்ளி, மாங்காய்ச் சில்லில் வைத்துக் கடித்தால் காது வரைக்கும் கூசும். வேர்வையில் போன உப்பு உள்ளே வரட்டும் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு கிள்ளு வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு வாய் தண்ணீர், சுற்றல், துப்பல்.

சந்தியா கெஸ்ட் ஹவுஸ் கதையெல்லாம் சொல்லுவாள். சட்டை போடாமல் கீரையை மட்டும் தின்று வாழும் ஒரு வெள்ளைக்காரர், தினமும் காலையில் தலைகீழாக நிற்பாராம். அதை அவள் நடித்துக் காட்டும்போது செல்லம்மாளின் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு தெறிக்கும். சந்தியா உட்கார்ந்திருந்த இடத்தில் சிரிப்பில்லாமல் இருந்ததில்லை. கூடையைத் தலையில் வாங்கும்போது அவள் சின்னதாக "ஏசப்பா" என்பாள், நான் "மாரியாத்தா" என்பேன், இரண்டு பேரும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று சிரிப்போம். எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. அந்த ஒரு வருஷம் இருந்தாள்.

வைகாசியில் அவளுக்கு முதல்முறை நீர்க்கடுப்பு வந்தது. காதோடு வந்து சொன்னாள்.

"எரியுதுக்கா. சொட்டுச் சொட்டாத்தான் போவுது."

"சூடுடி. அளத்துல யாருக்கு வரல?" என்றேன்.

செல்லம்மாளின் டப்பாவிலிருந்து சுண்ணாம்பை வழித்து அவள் இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் அப்பினேன். நீர்க்கடுப்புக்கு அதுதான் எங்கள் மருந்து. சூட்டைக் கால்வழியே இழுத்துவிடும் என்று நம்பினோம். உப்புத்தண்ணீர் பட்டுக் கரைந்தால் மறுபடியும் வைப்போம். அந்தச் சீசனில் சோறு தின்ன உட்கார்ந்து காலை நீட்டினால், பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்குக் கட்டைவிரல் வெள்ளையாக இருக்கும். சாலமன் ஒருநாள் லாரியை நிறுத்திவிட்டு வந்து பார்த்துவிட்டு, "மருதாணி வெக்கற காலுக்கு ஏன் வெள்ளையடிச்சி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான். நாங்கள் அதற்கும் சிரித்தோம்.

அடுத்த வருஷச் சீசனில் அவளுக்கு வலது பக்கம் இடுப்பு பிடித்துக்கொண்டது. கூடை சுமக்கிறவளுக்கு இடுப்பு வலிக்காமல் வேறெது வலிக்கும்? எனக்கும்தான் வலித்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த வலி மாத்திரையில் ஒன்று நான் போட்டுக்கொண்டேன், ஒன்று அவளுக்குக் கொடுத்தேன். பெட்டிக்கடையில் கேட்டால் தருவான், டாக்டர் எதற்கு? தினம் ஒன்று என்று ஆரம்பித்து இரண்டானது. அதை முழுங்குவதற்கும் அரை மடக்குத் தண்ணீர்தான். கணக்கு மீறிவிடக் கூடாதே.

சித்திரை கடைசியில் ஒருநாள், பதினொரு மணி இருக்கும். கூடையை அவள் தலையில் ஏற்றிவிட்டு நான் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தேன். "மலரக்கா, குளிருதுக்கா" என்றாள். என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் பல் தந்தியடிக்கிறது. தரையில் கால் வைக்க முடியாத அந்த வெயிலில் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கூடை சரிந்தது, அவளும் சரிந்தாள். ஓடிப்போய்ப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லவே கூசுகிறது. "செல்லம்மாக்கா, சுண்ணாம்பு குடு" என்றேன். அவள் நடுங்க நடுங்க, கால் இரண்டையும் பிடித்து, கட்டைவிரலில் சுண்ணாம்பு வைத்தேன்.

சாலமன் பாதி ஏற்றிய உப்போடு அப்படியே லாரியை எடுத்தான். அவளை நடுவில் உட்கார வைத்து என் தோளில் சாய்த்துக்கொண்டு பாண்டிக்குப் போனோம். வழி முழுக்க "எனக்கு ஒண்ணுமில்லக்கா, கூடை கொட்டிடுச்சா?" என்று பிதற்றிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். சந்தியாவை உள்ளே கொண்டுபோய் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, ஸ்கேன் எடுத்து, ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். சாலமன் பணம் கட்டும் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் மட்டும் பெஞ்சில் இருந்தேன்.

"நீங்க கூட வேலை செய்றவங்களா? இவங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை யூரின் போவாங்க?"

"விடிய ஒரு தடவை. ஊட்டுக்குப் போனப்புறம் ஒரு தடவை."

"தண்ணி எவ்ளோ குடிப்பாங்க?"

"அளத்துல குடிக்க மாட்டோங்க. வாய நனைச்சுக்குவோம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பிறகு, "அவங்க கால்ல வெள்ளையா இருக்கே, அது என்ன?" என்றாள்.

"கடுப்புக்கு வெக்கறதுங்க. சுண்ணாம்பு."

அவள் பார்வை மெதுவாக இறங்கி என் காலுக்கு வந்தது. நான் புடவையை இழுத்து மூடப் பார்த்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்குமா?"

"எல்லாருக்கும் இருக்குதுங்க" என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். உடம்பிலிருந்து அத்தனை வேர்வை போகிறது, உள்ளே உப்பு போகிறது, தண்ணீர் மட்டும் போகவில்லை. வருகிறதையும் அடக்கி வைக்கிறோம். கல் சேர்கிற உடம்புவாகு சந்தியாவுக்கு. கல் அடைத்து, பின்னால் தேங்கி, சீழ் பிடித்துவிட்டது. வலி மாத்திரை வேறு சேர்ந்துகொண்டது. மற்றவர்களுக்கு இந்த அளவு வராமல் போனது எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

"உசுருக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ரத்தத்துல கலந்திருக்குது. ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும். வலது பக்கக் கிட்னி அநேகமா எடுக்க வேண்டியிருக்கும். தண்ணி குடிச்சிருந்தா இங்க வரைக்கும் வந்திருக்காதும்மா" என்றாள்.

சாலமன் வந்தான். டாக்டர் அவனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனாள். அவன் சுவரில் சாய்ந்து நின்றபடி, "குடம் குடமா குடிக்கற பொண்ணு அவ. பாட்டிலு எங்கடின்னு கேட்டேன். அது எதுக்கு, தேவையில்லன்னுட்டா. யாரு அவளுக்கு இப்டிச் சொல்லிக் குடுத்தது?" என்றான்.

அவன் என்னைக் கேட்கவில்லை. சும்மா சுவரைப் பார்த்துக் கேட்டான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அப்படியே போயிருக்கும். வாழ்நாள் முழுக்க வாயை அடக்கத் தெரியாத எனக்கு அந்த ஒரு நிமிஷம் அடக்கத் தோன்றியது என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான்தாம்பா சொல்லிக் குடுத்தேன். பாட்டில வுட வெச்சதும் நான்தான். தண்ணி லாரின்னு பேரு வெச்சி எல்லாரையும் சிரிக்க வெச்சேன்."

அவன் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் வெளியே போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, வராந்தாவின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். அதைத் திறந்து குடிக்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை.

மாற்றுப் புடவை எடுத்துவர மறுநாள் சந்தியா வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தப் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதே பச்சை மூடி, அதே பாவாடைத் துணி உறை. ஆசையாக எடுத்து மூடியைத் திறந்தால் குப்பென்று அடித்தது. ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கிட்னி ஒன்றை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இருக்கிற ஒன்றைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்க வேண்டும், அதற்கும் ஏதாவது வந்தால் மாற்று கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் அளத்துக்குத் திரும்பிய அன்றைக்குச் சகாதேவனிடம் பெண்கள் ஒதுங்குவதற்கு நாலு ஓலைத் தட்டியும் ஒரு குழியும் ஒரு குடமும் கேட்டேன்.

"இத்தினி வருஷமா இல்லாத வழக்கமா இருக்குதே" என்றார்.

"இருந்த வழக்கத்துலதான் ஒருத்தி ஆஸ்பத்திரியில கெடக்கறா" என்று சொல்லிவிட்டு, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். செல்லம்மாள் வந்து பக்கத்தில் தன் கூடையைக் கவிழ்த்தாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். வாரிக் குவித்த உப்பு வரப்போரம் அப்படியே கிடந்தது. மத்தியானத்துக்குள் ஓலையும் மூங்கிலும் வந்து இறங்கின. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் எல்லோருக்கும் முன்னால் தட்டிக்குப் பின்னால் போனேன். சிரிக்கவைக்க சந்தியா இல்லையே என்று இருந்தது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். மரக்காணம் கடைத்தெருவில் ஒரு புதுப் பாட்டில் வாங்கி, அன்றைக்கு அவள் வீட்டிலிருந்து எடுத்து வந்த பழைய உறையை மூன்று தண்ணீரில் அலசிப் போட்டு, வாசனை போனதும் மாட்டி, தண்ணீர் நிரப்பி எடுத்துப் போயிருந்தேன். பச்சை மூடி கிடைக்கவில்லை, நீலம்தான். சந்தியா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு. மன்னிப்புக் கேட்கலாம் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அவள் என்னைப் பேச விட்டால்தானே.

"தட்டி கட்டிட்டியாமே, அவரு சொன்னாரு. செல்லம்மாக்கா எத்தினி தடவ போவுது?"

"அது காலையிலருந்து அங்கதான் கெடக்குது. இனிமே அதுக்குத்தான் தண்ணி லாரின்னு பேரு" என்றேன்.

வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பாட்டிலை நீட்டினேன். உறையைத் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து ஒரு வாய் எடுத்தாள். எடுத்துக்கொண்டே மாங்காய் சீசன் முடிந்துவிட்டதா என்று கையாலேயே ஜாடையில் கேட்டாள். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கன்னம் இரண்டும் உப்பின. இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. முகத்தைத் திருப்பி வாசலில் துப்பினாள்.

ஈரம் பட்ட மண்ணையே பார்த்தேன். அவளும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"தெனம் இப்டித்தாங்க்கா ஆவுது. குடிக்கணும்னுதான் எடுக்கறேன். நீ சொல்லிக் குடுத்தது, போவ மாட்டேங்குது" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கீரைத் தட்டை நகர்த்திவிட்டு அவளுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தேன். பாட்டிலை எடுத்து அவள் வாயருகில் நானே பிடித்தேன்.

"முழுங்குடி" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கினாள். இன்னொரு மடக்கு. பாட்டில் காலியாகிற வரைக்கும் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.